டாக்டர் சாமிநாதையரவர்களும் முதுமையின் நினைவும்

முதியோர் கூறும் பழங்கதைகளைக் கேட்பதில் நம்மவர்க்கு என்றும் தணியாத விருப்பம் உண்டு. சேர்வராயன் மலையிற் கொட்டச்சேட்டுக் காப்பித் தோட்டமாயினும், காவிரிக்கரைத் திண்ணையாயினும், பாட்டனார் சொல்வதே சரித்திரம். ஆயினும் அக்கதையில் நடந்தது எவ்வளவு, நினைவு தானே கூட்டிக்கொண்டது எவ்வளவு? மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் வாழ்க்கையைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் சூரியமூலையிற் பிறந்தார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876-இற் காலமாகும்வரை அவர்களிடம் பாடங்கேட்டார்கள். 1880-இற் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்கள். அவ்வாண்டிலேயே, அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணியைப் பற்றி வினவ, அவர்களுடைய உள்ளம் பழைய ஏடுகளின்பாற் சென்றது. சிந்தாமணி 1887-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறின.

செல்லரித்த ஏட்டிற் சொல் மறைந்துபோனால், பிரதி செய்வோர் சிலர் தம் ஊகத்தால் அவ்விடத்தை நிரப்பிவிடுவதுண்டு. ஐயரவர்களோ பல பிரதிகளை ஒப்புநோக்கி, கிடையாத பகுதியைக் கிடையாததாகவே விட்டுப் பதிப்பித்தார்கள்.

நமது மூளையும் ஏடு பெயர்த்தெழுதுவோனைப் போன்றதே. ஒன்றை நினைக்குந்தோறும் அதனைப் புதிதாக எழுதுகின்றது. ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி ஒரு நிகழ்ச்சியின் இடம், காலம், மாந்தர் ஆகியவற்றைப் பிணைத்து வைக்கின்றது. நெற்றிப்புற மூளையோ, எழுந்த நினைவு கண்டதா, கேட்டதா, கற்பனையா என விசாரிக்கின்றது. முதுமையில் இவ்விரண்டும் பெரும்பாலும் தளர்கின்றன. நிகழ்ச்சியின் சாரம் நிற்கும். யார் சொன்னார், எந்நாள் சொன்னார் என்பவை நழுவும். நழுவிய இடத்தைப் பழக்கமும் ஊகமும் நிரப்பிவிடும். அவ்வாறு கூறும் முதியவர் பொய்யர் அல்லர். தாம் கூறுவதை முற்றும் நம்பியே கூறுகின்றார்.

ஐயரவர்கள் தம் சரித்திரத்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940-இல். அப்பொழுது பிராயம் எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. அறுபது, எழுபது ஆண்டுகட்கு முந்தியவற்றை அவர்கள் விரிவாக எழுதியிருப்பது வியப்பைத் தருகின்றது. எனினும் அவர்கள் நினைவை மட்டுமே நம்பியிருந்தவர்கள் அல்லர். தமக்கு வந்த கடிதங்களைப் போற்றிவைத்தவர்கள். ஆசிரியரின் சரித்திரத்தையும் 1933, 1934-ஆம் ஆண்டுகளிலேயே வெளியிட்டிருந்தார்கள். 1942 ஏப்ரல் 28-இல் திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் காலமாகவே, தம் சரித்திரம் முற்றுப்பெறாது நின்றது.

அந்நூலையும் அவர்கள் காட்டிய முறையிலேயே நாம் பயிலவேண்டும். கடிதமோ வேறு ஆதாரமோ துணைநிற்கும் இடத்தை உறுதியாகக் கொள்க; நினைவொன்றே சான்றாகும் இடத்தை அன்புடனும் நிதானத்துடனும் படிக்க. பலமுறை சொல்லப்பட்ட கதை மெருகேறுமேயன்றி, அதனாலேயே மெய்யாகிவிடாது.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் வீடு செல்லுங்கால் நம் முதியோர் சொல்வதை நாளிட்டு எழுதிவைப்போம். விடையை நாமே எடுத்துக் கொடுத்து வினவாதிருப்போம். நாம் கொடுத்த சொல்லே நாளை அவர்தம் நினைவாகிவிடக்கூடும். ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொன்னதோடு ஒப்பிடுவோம். கிடையாததைக் கிடையாததாகவே விடுவோம். முதுமைக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவே. உண்மைக்குச் செய்யும் மரியாதையும் அதுவே.