நாட்டுக்கு விடுதலை, ஜேம்ஸுக்கு அடிமைத்தளை

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அடிமையாக வாழ்ந்தவர் ஜேம்ஸ். 1781-ல் எஜமானரின் அனுமதியோடு விடுதலைப் படைத் தளபதி லஃபாயெட்டிடம் ஒற்றராகச் சேர்ந்தார். தப்பி வந்த அடிமைபோல நடித்து, பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலான கார்ன்வாலிஸின் முகாமில் நுழைந்தார். ஏவல் வேலை செய்யும் கறுப்பரை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. காதில் விழுந்ததையெல்லாம் லஃபாயெட்டுக்குத் தெரிவித்தார். அந்த அக்டோபரில் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது.

நாடு விடுதலை பெற்றது, ஜேம்ஸ் பெறவில்லை. எஜமானருக்குப் பதிலாகப் படையில் சேர்ந்த அடிமைகளை விடுவிக்க 1783-ல் வர்ஜீனியா சட்டம் போட்டது. ஒற்றருக்கு அதில் இடமில்லை. 1784-ல் லஃபாயெட் நற்சான்று எழுதித் தந்தார். அதைக் காட்டிச் சட்டமன்றத்தில் மனு செய்து, 1787-ல்தான் விடுதலையானார். நன்றியோடு லஃபாயெட் என்ற பெயரையும் சூடிக்கொண்டார்.

அவரை இழந்ததற்காக எஜமானருக்கு அரசு இழப்பீடு தந்தது. உயிரைப் பணயம் வைத்த ஜேம்ஸுக்கு ஓய்வூதியம் கிடைக்க மேலும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.