ஜகதீஷ் சந்திர போஸ்

ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவர உடலியலாளரும் ஆவார். மில்லிமீட்டர் அளவிலான அலைநீளமுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தவர்களுள் இவர் முன்னோடி. கலீனா எனப்படும் ஈய சல்பைடு படிகத்தைக் கொண்டு இவர் அமைத்த அலை உணர்கருவி, குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு வழங்கப்பட்ட முதல் காப்புரிமையைப் பெற்றதாகக் கருதப்படுகிறது. மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றும் டையோடுகளின் வரலாற்றில் இக்கருவிக்கு முக்கிய இடம் உண்டு.

இளமையும் கல்வியும்

போஸ் இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரியாகவும் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவராகவும் இருந்தார். ஆங்கிலத்திற்கு முன் தாய்மொழியைக் கற்க வேண்டும் என்று கருதிய அவர், மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். பின்னர் போஸ் கொல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் பயின்று 1879-இல் பட்டம் பெற்றார். 1880-இல் மருத்துவம் படிக்க இலண்டன் சென்றவர், உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். இயற்பியலாளர் ராலே பிரபு அங்கு இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர்.

ஆசிரியப் பணி

1885-இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அதே பணியைச் செய்த ஐரோப்பியர்களைவிட இந்தியர்களுக்குக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. இதை ஏற்க மறுத்த போஸ், மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலேயே பாடம் நடத்தினார். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையுடன் அவருக்கு வழங்கப்பட்டது. இக்காலத்தில், 1887-இல், அபலா தாஸை மணந்தார். அபலா 1882-இல் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்று, உடல்நலக் குறைவால் படிப்பை நிறைவு செய்ய இயலாமற் போனவர். பின்னாளில் பெண் கல்விக்காகப் பெரிதும் உழைத்தார்.

அலை ஆய்வுகள்

ஹெர்ட்ஸின் சோதனைகளைத் தொடர்ந்து போஸ் 1894-இல் மின்காந்த அலைகளை ஆராயத் தொடங்கினார். கல்லூரியில் ஆய்வு வசதிகள் போதுமானவையாக இல்லை. பாடவேளை போக எஞ்சிய நேரத்தில், உள்ளூர்க் கைவினைஞரின் உதவியுடன் கருவிகளை உருவாக்கினார். 1895-இல் கொல்கத்தாவில் நடந்த செய்முறை விளக்கத்தில், சுவர்களைக் கடந்து சென்ற அலைகள் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் பற்ற வைத்தன. 1897-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் ஆய்வுகளை விளக்கினார்.

படிக உணர்கருவி

போஸ் பயன்படுத்திய அலைகளுள் சில ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுடையவை. அவை நொடிக்குச் சுமார் 6,000 கோடி முறை அதிர்பவை. இத்தனை விரைவாகத் திசை மாறும் மின்னோட்டத்தைக் கால்வனாமீட்டரின் முள் பின்தொடர இயலாது. முன்னும் பின்னுமான உந்தல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் அரிதாகவும் மின்னோட்டத்தை விடும் தொடர்பு ஒன்று இடையில் இருந்தால், ஒருபுறப் பங்கு மட்டும் எஞ்சி முள்ளை நகர்த்தும். உலோகக் கந்தகச் சேர்மங்களில் இப்பண்பை ஜெர்மானியரான பெர்டினாண்ட் பிரௌன் 1874-இல் கண்டறிந்திருந்தார். கூர்முனைகள் தொடும் கலீனாப் படிகத்தை அலைகளை உணரப் பயன்படுத்தியது போஸின் பணியாகும். எனினும் அவர் இவ்விளைவுக்கு மூலக்கூறுகளில் ஏற்படும் திரிபையே காரணமாகக் கூறினார். குறைகடத்திகளின் சரியான கோட்பாடு பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே உருவானது.

இதே தத்துவத்தை இன்று வீடுகளிலும் காணலாம். திருவாரூரில் ஒரு வீட்டிற்கு வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. கைப்பேசியின் மின்கலம் ஒரே திசையில் பாயும் மின்னோட்டத்தை மட்டுமே ஏற்கும். ஒரே டையோடு கொண்ட அரை அலைத் திருத்தியில் அலையின் ஒரு பாதி பயனின்றிப் போகும். நான்கு டையோடுகளைப் பாலச் சுற்றாக இணைத்தால் இரு பாதிகளும் ஒரே திசையில் வெளிப்பட்டு, நொடிக்கு 100 துடிப்புகள் கிடைக்கும். மின்தேக்கி அவற்றின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது.

காப்புரிமை

அறிவியல் கண்டுபிடிப்புகளால் பொருளீட்டுவதைப் போஸ் விரும்பவில்லை. அமெரிக்க நண்பரான சாரா புல்லின் வற்புறுத்தலால் 1901-இல் படிக உணர்கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை கோரப்பட்டது. மார்ச் 29, 1904 அன்று 755,840 என்னும் எண்ணுடன் வழங்கப்பட்டது. அதன் உரிமையில் பாதி சாரா புல்லுக்கு அளிக்கப்பட்டது. போஸ் அதைப் பயன்படுத்திப் பொருளீட்டவில்லை.

1899-இல் அவர் வெளியிட்ட இரும்பு–பாதரச உணர்கருவியே, 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்த சைகையைப் பெறப் பயன்படுத்திய கருவிக்கு மூலம் என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகின்றனர்.

தாவர ஆய்வுகள்

தொடர்ந்து பயன்படுத்திய உணர்கருவிகள் களைப்புற்றவைபோல் உணர்திறன் குன்றுவதையும், ஓய்வுக்குப் பின் மீள்வதையும் போஸ் கவனித்தார். இதுவே அவரை உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் ஒப்பிடத் தூண்டியது. தாவரங்களின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியை உருவாக்கினார். இவ்வாய்வுகளின் முடிவுகளை உடலியலாளர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். வானொலித் துறையை விட்டு அவர் விலகியதால், படிக உணர்கருவியைப் பிறரே வளர்த்தெடுத்தனர்.

இறுதிக்காலமும் மதிப்பும்

1917-இல் சர் பட்டம் பெற்ற போஸ், அதே ஆண்டு நவம்பர் 30 அன்று கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937-இல் கிரிடியில் காலமானார். டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களுள் ஒருவரான வால்டர் பிராட்டெய்ன், 1955-இல் பியர்சனுடன் இணைந்து எழுதிய வரலாற்றுக் கட்டுரையில், வானொலி அலைகளை உணரக் குறைகடத்திப் படிகத்தைப் பயன்படுத்தியதில் போஸுக்கு உள்ள முன்னுரிமையை ஏற்றுக்கொண்டார். போஸின் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை ஐஇஇஇ அமைப்பு 2012-இல் மைல்கல்லாக அறிவித்தது.