தம்மை எழுதாத பயணி: ஏ.கே. செட்டியார்

ஆற்றுப்படை இலக்கியத்தில் வழி கூறுபவனுக்குப் பெயர் இல்லை. பரிசில் பெற்று மீளும் பாணனோ பொருநனோ, எதிர்ப்படும் வறியவனுக்குச் செல்லும் வழியை உரைக்கிறான். எந்நிலத்து மக்கள் எவ்வுணவு தந்து ஓம்புவர் என்பதையும் விரித்துரைக்கிறான். தான் யார் என்று மட்டும் சொல்லிக்கொள்வதில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையில் இம்மரபின் உண்மையான வழித்தோன்றல் யார் என்று தேடுவோர்க்கு முதலில் எதிர்ப்படுபவர் ஏ.கே. செட்டியார்.

கருப்பன் என்பது அவர் இயற்பெயர். 1911ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். நகரத்தார் இளைஞர்கள் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன்களாகச் சேர்வதற்குப் பர்மாவுக்குக் கப்பலேறிய காலம் அது. செட்டியாரும் பர்மா சென்றார். ஆனால் அவர் அமர்ந்தது கணக்கேட்டின்முன் அன்று. இரங்கூனிலிருந்து வெளிவந்த ‘தனவணிகன்’ இதழுக்கு ஆசிரியரானார். அங்கிருந்து அவர் பாதை மேலும் கிழக்கே திரும்பியது. ஜப்பானில் டோக்கியோ நகரிலும், பின்னர் அமெரிக்காவில் நியூயார்க் நகரிலும் நிழற்படக் கலை பயின்றார். எழுதுகோலும் படப்பெட்டியும் ஒரே கையில் சேர்ந்தது தமிழுக்குப் பெரும்பேறாயிற்று.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் ‘சமேரியா’ என்னும் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது அவ்வெண்ணம் பிறந்தது. அன்று காந்தியடிகள் பிறந்த நாள். அவர் வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக ஆக்க வேண்டும் என்று அட்லாண்டிக் நடுவே உறுதிகொண்டவருக்கு அப்போது இருபத்தாறு வயதும் நிறையவில்லை.

இப்பணியின் அருமையை எண்கள் ஓரளவு உணர்த்தும். முப்பதாண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்திருந்த காட்சிகளைத் தேடி அவர் சுற்றிய தொலைவு சுமார் 1,00,000 மைல். திரட்டிய படச்சுருள் 50,000 அடி. ஒலிப்படம் நிமிடத்திற்கு 90 அடி வீதம் ஓடும். அக்கணக்கில் இவ்வளவையும் பார்த்து முடிக்க ஒன்பது மணி நேரத்திற்கு மேலாகும். அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து தொகுத்தார். அஃது ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரப் படம். தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகள் என்று காந்தியடிகளின் சுவடு பதிந்த இடமெல்லாம் சென்றார். படச்சுருள்கள் செய்திப்பட நிறுவனங்களின் கிடங்குகளிலும் தனியார் கைகளிலும் சிதறிக் கிடந்தன. அக்காலச் சுருளோ எளிதில் தீப்பற்றும் இயல்பினது. காப்பதும் கொண்டுசெல்வதும் இடர்மிக்க வேலைகள். காந்தியடிகளோ படப்பெட்டியின்முன் நின்று காட்சி தருபவர் அல்லர். திரைப்படத்தில் நாட்டமும் இல்லாதவர். தம் உருவத்தைப் பொருட்படுத்தாத ஒருவரின் உருவத்தை, தம் உருவத்தைக் காட்ட விரும்பாத மற்றொருவர் உலகெங்கும் தேடித் திரட்டினார்.

1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சென்னை ராக்சி திரையரங்கில் அப்படம் தமிழ் விளக்கவுரையுடன் வெளியாயிற்று. தெலுங்கிலும் பின்னர் இந்தியிலும் உரை சேர்க்கப்பட்டது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அயலார் ஆட்சியில், இத்தகைய படத்தை ஊர்தோறும் காட்டுதல் எளிதாக இருந்திராது. நாடு விடுதலை பெற்ற 1947இல் தில்லியில் அது திரையிடப்பட்டது.

படப்பணி முடிந்தும் பயணம் ஓயவில்லை. ‘உலகம் சுற்றும் தமிழன்’, ‘பிரயாண நினைவுகள்’, ‘அமெரிக்க நாட்டிலே’, ‘மலேயா முதல் கனடா வரை’, ‘கரிபியன் கடலும் கயானாவும்’, ‘குடகு’ என அவர் நூல்கள் விரிகின்றன. வாக்கியங்கள் சிறியவை, அடைமொழிகள் அரியவை. இயற்கையை வருணிக்கப் புகுந்து தம் புலமையைக் காட்டும் ஆசை அவரிடம் இல்லை. உணவு, வண்டி, கூலி, மொழி, வழிப்போக்கரை நடத்தும் பாங்கு ஆகியவற்றைச் சொல்லி, மெல்லிய நகைச்சுவை ஒன்றைத் தூவி நகர்ந்துவிடுகிறார். வெறும் தகவல் என்று இதனை ஒதுக்குவாரும் உளர். ஒரு சொல் மிகாமல் எழுதுவதன் கடுமையைக் கவிஞர்கள் நன்கு அறிவர். கடல் கடந்து கூலிகளாய்ச் சென்றோரின் வழித்தோன்றல்களை அவர் எழுதும் இடங்களில் இவ்வடக்கம் பெரும்பயன் தருகிறது. இரங்கல் மொழி சேர்த்திருந்தால் அப்பக்கங்கள் இந்நேரம் பழமைப்பட்டுப் போயிருக்கும்.

1943இல் தொடங்கிய ‘குமரி மலர்’ இதழை நாற்பதாண்டுகள் நடத்தினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் மறைந்துகிடந்த அரிய கட்டுரைகளைத் தேடியெடுத்து அதில் மறுபதிப்பிட்டார். பிறர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் திரட்டி 1968இல் ‘தமிழ்நாடு’ என்னும் தொகுப்பைத் தந்தார். தாமே உலகைச் சுற்றிய ஒருவர், பிறர் சுற்றியதைத் தொகுக்க இத்துணை உழைத்தது எழுத்துலகில் அரிதினும் அரிது.

தன்னை மறைக்கும் இப்பண்பைப் போற்றுவதோடு நின்றுவிட இயலாது; அதற்கு விலையும் இருந்தது. விளம்பரத்தை விலக்கியவரின் நிழற்படங்களே மிகச் சிலதான் எஞ்சின. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அவர் மறைந்தபோது, காந்தியடிகளைப் பற்றிய முதல் முழுநீள ஆவணப்படத்தை எடுத்தவர் ஒரு தமிழர் என்பதைத் தமிழரே பெரும்பாலும் மறந்திருந்தனர். படம் உருவான வரலாற்றை அவர் எழுதியிருந்தார். ஆயினும் அங்கும் தமக்கு உதவியவர்களையே முன்னிறுத்தினார். ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாக அவ்வரலாறு 2003இல் வெளிவந்தது. ஆய்வாளரின் தேடல் படத்தையும் தொடர்ந்தது. அமெரிக்காவில் 1953இல் ஆங்கில உரையுடன் சுருக்கி வெளியிட்ட வடிவத்தின் படி அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கிடைத்தது. ராக்சி திரையரங்கில் 1940இல் ஓடிய தமிழ் மூலம் தேடியவர் கைக்கு எட்டவில்லை.