மண்ணில் மருந்து கண்ட டாக்டர் சுப்பாராவ்

1994-ம் ஆண்டு சூரத் நகரில் பிளேக் பீதி கிளம்பியபோது, ஊரை விட்டு ஓடியவர்களால் ரெயில்கள் நிரம்பி வழிந்தன. மருந்துக் கடைகளில் மக்கள் முண்டியடித்துக் கேட்ட மருந்து டெட்ராசைக்ளின். அந்தக் குடும்பத்தின் முதல் மருந்தைக் கண்டுபிடித்த ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக இருந்தவர் ஓர் இந்தியர் என்பது, கூட்டத்தில் நின்ற எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணம். வீட்டில் கஷ்டம். 13 வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பிழைக்கலாம் என்று சொல்லாமல் கிளம்பிவிட்டார். வழியிலேயே பிடித்து வந்தார்கள். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோல்வி. தாயார் வெங்கம்மா விடுவதாக இல்லை. மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார்.

சந்நியாசியாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தாயார் சம்மதிக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கதர் அங்கி அணிந்து ஆபரேஷன் வகுப்புக்குப் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

இரண்டு சாவுகள்

அவருடைய அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். இருவரையும் கொண்டுபோனது ஸ்புரூ என்ற நோய். கிராணி மாதிரி ஓயாத வயிற்றுப்போக்கு. ரத்தம் சுண்டி ஆள் உருக்குலைந்து போவான். அதற்கு அன்று மருந்து கிடையாது. அந்த மருந்தைத் தேடித்தான் சுப்பாராவ் கப்பலேறினார் என்று சொன்னால் மிகையாகாது.

மாமனார் பண உதவி செய்தார். 1922 அக்டோபரில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி எடுக்கும் வேலை. டாக்டருக்குப் படித்தவர் இதற்கு முகம் சுளிக்கவில்லை. பேராசிரியர் பிஸ்கேயுடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரசை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். பிறகு, தசைக்குச் சக்தி தரும் பொருள்கள் பற்றிய பெரிய கண்டுபிடிப்புகள். அப்படியும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தர உத்தியோகம் தரவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

தங்க நிறக் கிருமி

பெனிசிலின் எல்லாக் கிருமிகளையும் கொல்லாது. வேறு மருந்து மண்ணில் வாழும் கிருமிகளிடமே கிடைக்கும் என்று லெடர்லேயில் தேடத் தொடங்கினார்கள். அந்தப் பொறுப்பு, ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கரிடம் வந்தது. அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல்! பல இடங்களிலிருந்து மண் வரவழைத்தார்கள். மிசௌரி பல்கலைக்கழக வயல் மண்ணில் தங்க நிறமான ஒரு கிருமி அகப்பட்டது. அது சுரந்த பொருள்தான் ஆரியோமைசின். ஊசி வேண்டாம், வாயால் சாப்பிடலாம். பல வகைக் கிருமிகளை அடக்கியது. 1948-ல் உலகுக்கு அறிவித்தார்கள்.

போலிக் அமிலத்தை 1945-ல் செயற்கையாகத் தயாரித்ததும் சுப்பாராவின் குழுவினர்தான். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அங்கே பிறந்ததே. ஸ்புரூ நோய்க்குப் பிற்காலத்தில் டாக்டர்கள் கொடுத்த மருந்துகள் என்ன தெரியுமா? போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும். இரண்டும் சுப்பாராவின் கூடத்திலிருந்து கிளம்பியவை. அண்ணன் தம்பிக்குத்தான் எட்டவில்லை.

ஆனால் கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. 1950-களிலேயே டெட்ராசைக்ளினுக்கு மசியாத கிருமிகள் தோன்றிவிட்டன. மீண்டும் மண்ணிடமே விஞ்ஞானிகள் போயிருக்கிறார்கள். ஆரியோமைசின் தந்த அதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்துக் கிருமிகளை வளர்த்த நீரில் சில்வர் நைட்ரேட்டைச் சேர்த்தால், நீர் பழுப்பாக மாறுகிறது. கிருமி விட்ட புரதங்கள் வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக்கிவிடுகின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் இவை சோதனைக் கூடத்தில் கொன்றிருக்கின்றன. உடம்புக்குள் செலுத்தினால் கேடு உண்டா என்பதைத் தீர்த்த பிறகே மாத்திரை, ஊசி பற்றிப் பேசலாம்.

சுப்பாராவ் தாய்நாடு திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரி இங்கே காத்திருந்தார். பிறந்த ஆண் குழந்தை ஒரு வயது நிறையுமுன் இறந்தது. ஆரியோமைசின் வெளிவந்த அதே 1948-ல், ஆகஸ்ட் மாதம் ஓர் இரவு, தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 53. அவருக்கு இந்தியத் தபால் துறை தபால் தலை வெளியிட்டது 1995-ல்.