விடை பிழைத்த கணிப்பு: லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் (1881 – 1953)



நாளை மழை பெய்யுமா என்பதை வானொலியிற் கேட்கிறீர்கள். இந்நூற்றாண்டின் முடிவில் புவி எவ்வளவு வெப்பமடையும் என்பதைப் பத்திரிகையில் வாசிக்கிறீர்கள். இவ்விரண்டு எதிர்வுகூறல்களுக்கும் அடிப்படையாக இருப்பது ஒரே கணித முறையாகும். இலத்திரனியல் கணினி தோன்றுவதற்கு முன்னரே அம்முறையைக் காகிதத்திற் செய்து பார்த்தவர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் ஆவார்.

இவர் 1881 ஆம் ஆண்டு ஒக்டோபர் 11 ஆம் திகதி இங்கிலாந்தின் நியூகாசில் நகரிற் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலை நடத்தியவர். போரை முற்றாக வெறுக்கும் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது இவரது குடும்பம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கற்றுத் தேறிய இவர், 1913 இல் பிரித்தானிய வளிமண்டலவியல் அலுவலகத்திற் சேர்ந்து, ஸ்கொட்லாந்திலுள்ள எஸ்க்டேல்மூர் அவதான நிலையத்துக்குப் பொறுப்பாளரானார்.

அக்காலத்தில் வானிலையை எவ்வாறு கூறினார்கள்? இன்றைய வானிலைப் படத்தைப் போன்ற பழைய படமொன்றைத் தேடி எடுத்து, அன்று நடந்ததே இன்றும் நடக்கும் என்றார்கள். ரிச்சர்ட்சனுக்கு இது திருப்தி அளிக்கவில்லை. காற்று பௌதிக விதிகளுக்கு அமையவே அசைகிறது. ஆகவே அமுக்கம், வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதன் ஆகியவற்றைச் சமன்பாடுகளில் இட்டால் அடுத்த சில மணி நேரத்துக்குரிய பெறுமானங்களைப் பெறலாம் என அவர் கருதினார். இதற்காக நிலப்படத்தை ஏறத்தாழ 200 கிலோமீற்றர் பக்கமுள்ள கட்டங்களாகவும், வளிமண்டலத்தைக் கிடையான அடுக்குகளாகவும் பிரித்தார்.

முதலாம் உலகப் போர் மூண்டது. ஆயுதம் ஏந்த மறுத்த ரிச்சர்ட்சன், 1916 இல் பதவியைத் துறந்து பிரான்சுக்குச் சென்று, காயமுற்ற படைவீரரை ஏற்றிச்செல்லும் அம்புலன்ஸ் வண்டியின் சாரதியானார். ஓய்வு கிடைத்த வேளைகளில், குளிர் நிறைந்த தங்குமிடத்தில் வைக்கோற் குவியலே மேசையாக, 1910 மே 20 ஆம் திகதிக்குரிய தரவுகளைக் கொண்டு ஆறு மணி நேர எதிர்வுகூறலொன்றைக் கையாற் கணித்தார். 1917 ஏப்பிரல் மாதச் சமரின்போது கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனது. பல மாதங்களின் பின் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலொன்றின் அடியிலிருந்து அது மீட்கப்பட்டது.

இத்தனை பாடுபட்டும் விடை பிழைத்தது. ஆறு மணி நேரத்தில் அமுக்கம் 145 மில்லிபார் உயரும் எனக் கணிப்புக் கூறிற்று. உண்மையிலோ அன்று அமுக்கம் ஏறத்தாழ மாறாதிருந்தது. எனினும் ரிச்சர்ட்சன் பிழையை மறைக்கவில்லை. 1922 இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு படிமுறையையும், பிழைத்த விடையையும் அப்படியே தந்தார். உலக வானிலையுடன் ஈடுகொடுத்துக் கணிக்க 64 000 மனிதர் ஒரு பெருமண்டபத்தில் அமர்ந்து கணிக்க வேண்டும் என்றும் அதிற் கற்பனை செய்தார். தொடக்கத் தரவுகளில் அமுக்கமும் காற்றும் ஒன்றோடொன்று இசையாதிருந்தமையே பிழைக்குக் காரணம் என்பதையும், அவற்றைச் சீராக்கினால் அதே முறை நியாயமான விடையைத் தரும் என்பதையும் பின்வந்தோர் காட்டினர். படிமுறைகள் எழுதப்பட்டிருந்தமையாலேயே இதனைக் கண்டறிய முடிந்தது.

போர் முடிந்து வளிமண்டலவியல் அலுவலகத்துக்குத் திரும்பியவர், அது விமானப்படைக்குப் பொறுப்பான அமைச்சின் கீழ் வந்ததும் 1920 இல் மீண்டும் விலகினார். தமது ஆய்வு நச்சுவாயுப் பயன்பாட்டுக்கு உதவக்கூடும் எனக் கண்டபோது அத்துறையையே கைவிட்டு, போர்கள் ஏன் மூள்கின்றன என்பதைக் கணிதத்தால் ஆராயத் தொடங்கினார்.

1950 இல் அமெரிக்காவின் எனியாக் கணினி, எளிதாக்கப்பட்ட சமன்பாடுகளைக் கொண்டு 24 மணி நேர எதிர்வுகூறல்களைக் கணித்தது. இச்செய்தியை அறிந்து மகிழும் வாய்ப்பு ரிச்சர்ட்சனுக்குக் கிடைத்தது. 1953 செப்ரெம்பர் 30 இல் அவர் காலமானார்.

வானிலைக் கணிப்பிலிருந்து காலநிலைக் கணிப்புக்கு வழி திறந்தது. 1967 இல் மனாபே, வெதரால்ட் ஆகிய இருவரும் காபனீரொட்சைட்டு இருமடங்கானால் புவி மேற்பரப்பின் வெப்பநிலை சுமார் 2.3 பாகை செல்சியஸ் உயரும் எனக் கணினியாற் கணித்தனர். மனாபேக்கு 2021 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. கடல்மட்ட உயர்வு, வரட்சி, வெள்ளம் ஆகியவற்றுக்கு முன்னாயத்தம் செய்ய இன்று நாடுகள் நாடும் காலநிலை மாதிரிகள் பலவும் ரிச்சர்ட்சனைப் போலவே புவியைக் கட்டங்களாகப் பிரித்தே கணிக்கின்றன.

மாணவர்களே, கணித வினாத்தாளில் விடை பிழைத்தாலும் செய்கைக்குப் புள்ளி உண்டு என்பதை அறிவீர்கள். விடை சரிவராது என்ற ஐயத்தில் செய்கையை வெட்டிவிடாதீர்கள். ஒழுங்காக எழுதப்பட்ட செய்கையிற்றான் பிழை எங்கே என்று நீங்களும் காணலாம், பிறரும் காணலாம்.

நினைவிற் கொள்க:
1881 – பிறப்பு
1916 – அம்புலன்ஸ் சேவை
1922 – நூல் வெளியீடு
1950 – முதற் கணினி வானிலை எதிர்வுகூறல்
1953 – இறப்பு
1967 – மனாபே, வெதரால்ட் கணிப்பு