மருத்துவ அறிஞர் லூயி ரைட்

பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் தோலின் நிறமே அளவுகோலாக இருந்தது. அக்கொடுமையை ஆராய்ச்சி அறிவால் எதிர்த்து நின்றவர் மருத்துவர் லூயி டாம்ப்கின்ஸ் ரைட். அவர்தம் வாழ்வை நம் சமுதாய இளைஞர்கள் அறிதல் நலமெனக் கருதி இங்கு எழுதுகிறோம்.

ஜார்ஜியா மாநிலத்து லாகிரேஞ்சு என்னும் ஊரில் 1891ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் ரைட் பிறந்தார். அடிமையாகப் பிறந்து மருத்துவரான தந்தையார், மகனுக்கு நான்கு வயதிருக்கும்போதே காலமானார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரைட், 1915இல் வகுப்பில் நான்காமவராகத் தேறினார். அங்கு மகப்பேறு மருத்துவப் பயிற்சிக்கு அவரை மட்டும் தனியே அனுப்ப முயன்றனர். உடன் பயில்வோர் கற்கும் இடத்திலேயே தாமும் கற்கவேண்டுமென வாதாடி வென்றார். இத்தகையவருக்கும் பாஸ்டன் நகர மருத்துவமனைகள் பயிற்சியிடம் தர மறுத்தன. வாஷிங்டன் நகரில் கறுப்பின மக்களுக்கென இருந்த ஃபிரீட்மென்ஸ் மருத்துவமனையே அவரை ஏற்றது.

தொண்டை அடைப்பான் நோய் தாக்கக்கூடியவர் யாரென அறிய, தோலில் மருந்து செலுத்திச் சிவப்பு தோன்றுகிறதா எனப் பார்க்கும் ஷிக் சோதனை அக்காலத்தில் இருந்தது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, ஆகவே அச்சோதனை கறுப்பினத்தார்க்குப் பயன்படாது என்று மருத்துவர் பலர் நம்பினர். ரைட் அதனை நேரிற் செய்து பார்த்தார். அந்நம்பிக்கை பிழையென மெய்ப்பித்து 1917இல் கட்டுரை வெளியிட்டார். ஆராயாது கூறப்பட்ட தீர்ப்பை ஆராய்ந்து மறுத்தலே அவருடைய வாழ்நாள் வழியாயிற்று.

முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டில் நச்சுவாயு தாக்கி அவருடைய நுரையீரல் பழுதுற்றது. 1919இல் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் கடைநிலைப் பதவி ஒன்றில் அமர்ந்தார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடுத்த பகுதியே ஹார்லெம். கறுப்பினத்தவர் ஒருவர் வந்தாரென வெள்ளை மருத்துவர் சிலர் பதவி விலகினர். ரைட் விலகவில்லை, பின்னாளில் அங்கேயே அறுவை மருத்துவப் பிரிவின் தலைவரானார். காசநோயால் ஏறத்தாழ மூன்றாண்டுகள் படுக்கையில் கிடந்தும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை.

1948இல் ஆரியோமைசின் மருந்தை முதன்முதலாக மனிதரிடம் சோதித்து, அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முடிவை வெளியிட்டார். அச்சங்கத்தின் தென்மாநிலக் கிளைகள் பல கறுப்பின மருத்துவரைச் சேர்க்காதிருந்த காலம் அது! அவ்வாண்டே ஹார்லெமில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தையும் நிறுவினார்.

உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளை, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தார் உருவாக்கியிருந்தனர். தீராப் புற்றுநோயாளர் 93 பேரிடம் அவற்றைச் சோதித்த கட்டுரையை, ரைட்டும் அவர்தம் மகளார் மருத்துவர் ஜேன் ரைட்டும் ஏனைய துணைவரும் 1951இல் வெளியிட்டனர். இரத்தப் புற்றுநோயில் மட்டுமன்றி, மார்பகப் புற்றுநோய் போன்ற கட்டிகளிலும் இம்மருந்துகள் பயன்தரும் என்பதற்கு அது தொடக்கச் சான்றாயிற்று. அவ்வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் வழங்கப்படுகிறது.

அக்கட்டுரை வெளிவந்த இதழ் எதுவென எண்ணிப் பார்க்கவேண்டும். பிற சங்கங்கள் கதவடைத்தமையால் 1895இல் கறுப்பின மருத்துவர் தாமே தோற்றுவித்த தேசிய மருத்துவச் சங்கத்தின் இதழே அது. ஒதுக்கப்பட்டோர் தமக்கென அமைத்துக்கொண்ட ஏடு உலகுக்கே பயன்பட்டது.

1952ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் ரைட் மறைந்தார். ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை மகளார் ஏற்றார். 1964இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் கழகத்தைத் தோற்றுவித்த எழுவரில் அவரும் ஒருவர்.

வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது இதுவே: பட்டம் பெறுதலோடு நில்லாதீர்கள். ஆராயுங்கள், கண்டதை எழுதிப் பதியுங்கள். சான்றோடு எழுதப்பட்ட உண்மையை எந்த இழிசொல்லும் அழிக்க இயலாது.