விரலால் கடலை அளந்த இப்னு மாஜித்

உப்புவெளியில் நான் கணிதம் கற்பிக்கும் வகுப்பில் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். சென்ற தவணையில் வரைபடத்தில் கடற்பாதை குறிக்கும் பயிற்சியொன்று கொடுத்தேன். ஒரு மாணவன் 20 கடல் மைலை 20 கிலோமீற்றர் என்றே எடுத்துவிட்டான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். ஆகவே அவனுடைய படகு கரைக்கு 17 கிலோமீற்றர் முன்னரே நின்றுவிட்டது. தாளில் நடந்ததால் சிரித்தோம். கடலில் நடந்திருந்தால் சிரிக்க முடியாது.

அன்று அவர்களுக்கு அஹ்மத் இப்னு மாஜிதின் வாழ்க்கையைச் சொன்னேன்.

அவர் 15ஆம் நூற்றாண்டில், இன்றைய ராஸ் அல் கைமாவில் அமைந்திருந்த ஜுல்ஃபாரில் பிறந்தவர். பாட்டனாரும் தந்தையும் செங்கடல் மாலுமிகள். அவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளை இப்னு மாஜித் அப்படியே ஒப்புவிக்கவில்லை. பல்லாண்டுகள் தாமே கடலோடிச் சரிபார்த்து, பிழைகளைத் திருத்தினார். ஹிஜ்ரி 895இல், அதாவது 1490 அளவில், ‘கிதாபுல் ஃபவாயித்’ என்ற கடல்வழி நூலை எழுதி முடித்தார்.

அக்கால மாலுமிகளின் அளவு ‘இஸ்பஃ’, அதாவது விரல். கையை நீட்டிப் பிடித்து, அடிவானுக்கு மேலே நட்சத்திரம் எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். முழு வட்டம் 224 விரல் என்று கொண்டால், ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை. ஒரு பாகை அகலக்கோடு 60 கடல் மைல் என்பதால், ஒரு விரல் சுமார் 96 கடல் மைல்.

பயணத்தை அவர்கள் ‘ஸாம்’ என்ற அளவால் கணக்கிட்டார்கள். ஒரு ஸாம் மூன்று மணி நேர ஓட்டம். நேர் வடக்கே 8 ஸாம் ஓடினால் துருவ நட்சத்திரம் ஒரு விரல் உயரும். அப்படியானால் ஒரு ஸாம் 12 கடல் மைல், கப்பலின் வேகம் மணிக்கு 4 கடல் மைல். மாணவர்கள் இதைத் தாங்களே கணித்துக் கண்டுபிடித்தபோது வகுப்பே உற்சாகமானது.

அப்போது ஒருவன், வாஸ்கோடகாமாவுக்கு இந்தியாவுக்கு வழிகாட்டியவர் இவர்தானே சேர் என்று கேட்டான். பல வருடங்களாக நானும் அப்படித்தான் பெருமையோடு சொல்லிக்கொடுத்தேன். ஆனால் 1498இல் மாலிந்தியில் கப்பலேறிய வழிகாட்டி குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்றே போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளார்கள். இப்னு மாஜிதின் பெயரைச் சேர்த்தவர் 16ஆம் நூற்றாண்டின் குத்புத்தீன் அந்நஹ்ரவாலி. அவரும் பெருமையாகச் சொல்லவில்லை, குற்றமாகவே சுமத்தினார். அதையே நாம் பின்னாளில் பெருமையாக்கிக் கொண்டோம்.

நான் சொல்லித்தந்தது பிழை என்று மாணவர்களிடம் ஒப்புக்கொண்டேன். தந்தையின் குறிப்பையே சரிபார்த்துத் திருத்திய மனிதருக்கு, சரிபார்க்காத ஒரு கதையால் நாம் பெருமை சேர்க்க வேண்டியதில்லை. அவருடைய விரல் கணக்கே போதும். அதை நம் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும்.